கடப்பாக்கம் வழியாகத் தாஹிட்டி

சாலமோன் தன் மனைவி ஹெலனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். தலையணையைச் சரிசெய்ய வந்த நர்சிடம் ஹெலன், “இவரு கப்பல்ல வேல செஞ்சவரும்மா” என்றாள். நர்சு அவரை மரியாதையோடு பார்த்தாள். மறைமலைநகர் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தே ரிட்டையரான சாலமோன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முழுக் கதையும் வெளியே வந்துவிடும்.

அவர் ரிட்டையரான வருடம், தாஹிட்டிப் பக்கம் போகும் உல்லாசக் கப்பலை ஹெலன் போனில் பார்த்துவிட்டாள். தீவு தீவாக நிதானமாகப் போகுமாம். அலையில்லாத நீலத் தண்ணீர், தென்னை, கரையோரக் கிராமங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் பன்னிரண்டு நாள் அடுப்புப் பக்கமே போக வேண்டாம்.

சாலமோனுக்கும் கடலுக்கும் கணுக்கால் வரைதான் உறவு. பயம் என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? யோசித்தார். அவளை அவள் பிறந்த ஊரான கடப்பாக்கத்துக்கே கூட்டிப்போய், அவள் தம்பி கிருபாகரனின் படகில் ஏற்றி, இடுப்பளவு உப்பங்கழியில் ஒரு சுற்று வந்தார்.

“பாத்துக்கோ. நீலத் தண்ணி கீது. தென்ன கீது. கிராமம் கீது. கோட்டை வேற கீது, அங்க இருக்குமா? இன்னாத்துக்கு அவ்ளோ தூரம்?”

“தண்ணி பச்சையா இல்ல கீது மாமா?” என்றான் கிருபாகரன்.

“நீ துடுப்பப் போடு மச்சான்.”

ஹெலன் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தலையாட்டினாள்.

“சரிங்க. இதையே கப்பல்னு வெச்சுக்கலாம்.”

சாலமோனுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அப்ப நான் பயணிதான?”

“பின்ன!”

“பயணி சமைக்க மாட்டா இல்ல?”

“அதுக்குக் கப்பல்ல ஆளு இருப்பாங்க.”

“இந்தக் கப்பல்ல யாரு கீறாங்க?”

சாலமோன் கிருபாகரனைப் பார்த்தார்.

“என்ன ஏன் மாமா பாக்குற? நான் கேப்டன்!”

அன்று மச்சான் வீட்டில் சாலமோன் வைத்த குழம்பில் மீனைத் தேட வேண்டியிருந்தது. உப்பைத் தேட வேண்டியதில்லை. ஹெலன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள்.

“வெளிநாட்டுச் சாப்பாடு இப்டித்தான் இருக்கும்.”

வீடு திரும்பியும் கப்பல் நிற்கவில்லை. காலையில் காபி, மதியம் சோறு, ராத்திரி தோசை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கரண்டியோடு வந்து கேட்டார்.

“ஏம்மே, கப்பல் எப்பதான் கரைக்கு வரும்?”

“நிதானமாப் போற கப்பலுங்க. இன்னா அவசரம்?”

ஹெலன் போய் இரண்டு வருடமாகிறது. சாலமோன் இப்போது ஒரு ஆளுக்குச் சமைக்கிறார்.