அண்ணனின் தட்டு மரம் தரைக்கு வந்த விவரம்

இண்டூர்,
7-9-1986

பெங்களூரில் இருக்கும் அண்ணி நஞ்சம்மாள் அவர்களுக்கு நாத்தனார் கோவிந்தம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முட்டிவலியும் சௌக்கியம். எருமை கன்று போட்டது, கிடாரிக் கன்று. அங்கே நீங்களும், பம்பாயில் பிறந்த உங்கள் பேத்தியும், மகனும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டேன். கடிதத்தில் எழுத வேண்டுமே என்று எழுதவில்லை, கோயிலுக்குப் போய் நின்றே கேட்டேன்.

உங்கள் கார்டு கிடைத்தது. பம்பாயிலிருந்து திரும்பிவிட்டதாகவும், தீபாவளிக்கு முன்னால் ஆள் அனுப்பி அண்ணனின் செடியை எடுத்துக்கொள்வதாகவும் எழுதி, நீங்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எப்படி இல்லாமல் போனது என்று விவரமாகச் சொல்கிறேன். என்னை மூணாவதோடு நிறுத்தி ஆட்டின் பின்னால் அனுப்பினார்கள், அண்ணனை எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். எழுத்தில் பிழை இருந்தால் செத்துப்போன எங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

தை மாதம் நீங்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தபோது அந்த மரம் ஒரு சாண் இருந்தது. சோறு வடிக்கும் தட்டம் மாதிரி ஒரு மண் தட்டு, அதில் ரெண்டு கை மண், அதில் கிழவி மாதிரி ஒரு மரம். அண்ணன் தோட்ட வேலை பார்த்த பங்களாவின் அம்மா ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்தது, சீனாவிலிருந்து வந்தது, இனிப்பு பிளம்ஸ் என்று பேர், முப்பது வருஷமாக அண்ணன் வளர்த்தது, ரெண்டு வேளை தண்ணீர் விடுங்க என்று சொல்லிவிட்டு பம்பாய்க்குப் போய்விட்டீர்கள். ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் எதையும் கேட்டு வாங்கும் பழக்கத்தை நான் உங்கள் கல்யாணத்தன்றே விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை, மூன்றாம் பந்தி. பாயசம் தீர்ந்துபோச்சு என்று சொன்ன உங்கள் சித்தி, பத்து நிமிஷம் கழித்து முழு வாளியோடு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பக்கம் போனார். நானும் மாப்பிள்ளை வீடுதான்.

பிளம்ஸ் என்றால் பெங்களூர் பஸ்ஸில் விற்பார்களே, சிவப்பாக, அது காய்க்கும் என்று காத்திருந்தேன். மாசியில் காய்த்தது, மிளகு அளவுக்குக் கறுப்பாக. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ஏக்கா, இது நம்ம கரட்டுல கெடக்கற களாச்செடி, இதைப் போயி பஸ்ஸேத்திக் கொண்டாந்தாங்களா" என்றாள். களா என்றால் இலையைக் கிள்ளினால் பால் வர வேண்டும். கிள்ளிக் காட்டினேன், வரவில்லை. பட்டை திட்டுத்திட்டாக உரிகிறதே, அப்போ கொய்யா என்றாள். கொய்யா இலையைக் கசக்கினால் வாசம் வராதா. கிளை நுனியைத் தடவிப் பார்த்தேன், முள். பழத்தை வாயில் போட்டேன், கொஞ்சம் புளிப்பு, பின்னால் ஒரு தித்திப்பு. சீனாவாவது கீனாவாவது, இது இலந்தைக்குப் பங்காளி என்று சொன்னேன். ஆட்டின் பின்னால் போனவளுக்கு அது போதும்.

இலந்தை வகை என்று தெரிந்த பிறகுதான் தப்பு செய்தேன். இலந்தை எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். பங்குனி வெயிலில் இது இலை கொட்டியது. தட்டைச் சாய்த்துப் பார்த்தால் வேர் போக இடமில்லாமல் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்தது. முப்பது வருஷமாக இதற்கு யாரும் வயிறு நிறையப் போடவில்லை என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணனும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தான், உங்கள் சமையலைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பெயர்த்தெடுத்து, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் குழி தோண்டி, ஆட்டெரு போட்டு நட்டுவிட்டேன். தட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்தேன். மரம் பத்து நாளில் தளிர்த்தது. ஆனி வருவதற்குள் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. தினமும் அதன் எதிரில் நின்று, பாரு, எங்க வூட்டுக்கு வந்தப்புறம்தான் உடம்பு தேறினே என்று சொல்லுவேன்.

காரிமங்கலம் சந்தையில் பூச்செடி விற்கும் நூர் பாஷா, ஆனியில் சைக்கிளில் ரோஜாக் கன்று கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். வாசலில் கோழி தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஆயா, இந்தத் தட்டு ஏது?"

"எங்கண்ணன் செடி வெச்சிருந்த தட்டு."

"செடி எங்க?"

கையைக் காட்டினேன். போய்ப் பார்த்தார். துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எவ்ளோ வருசத்துச் செடி ஆயா?"

"முப்பது. பாவம், வளரவே வுடலை."

"அது தானா குள்ளமா நிக்கலை. உங்கண்ணன் நிக்க வெச்சிருக்காரு. பெங்களூர் பூக் கண்காட்சியில பாத்திருக்கேன். வேரைக் கழிச்சு, நுனியைக் கிள்ளி, கம்பி சுத்தி, ஒவ்வொரு கிளையும் இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போன்னு சொல்லிச் சொல்லி வளக்கறது. இதுல முப்பது வருசம் ஒருத்தர் கை இருந்திருக்கு. இங்க பாருங்க, கம்பித் தழும்பு."

தடவிப் பார்த்தேன். இருந்தது. அண்ணி, நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அண்ணன் தவறியபோது சேதி சொல்ல வந்த ஆளை நீங்கள் காரிமங்கலத்துக்கு அனுப்பினீர்கள். நான் இண்டூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவர் சந்தைமேட்டில் என் பழைய வீட்டைத் தேடி, அங்கே குடியிருப்பவர்களிடம் சொல்லி அழுதுவிட்டுப் போயிருக்கிறார். நான் பெங்களூர் வந்து சேர்ந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது. முகம் பார்க்கவில்லை. நீங்கள் மடியில் வைத்துக் கொண்டுவந்ததுதான் எனக்கு அண்ணன். அதில் இருந்த அவன் கையை நான் ஆட்டெரு போட்டு அழித்துவிட்டேன்.

பிறகு நூர் பாஷா சொன்னபடி செய்தேன். மறுபடி பிடுங்கினால் மரம் செத்துப்போகும், குச்சி வெட்டி வேர் பிடிக்க வையுங்க என்றார். பென்சில் பருமனில் ஒன்பது குச்சி வெட்டி, கொட்டாங்குச்சியில் மணல் போட்டு நட்டு, மேலே கிடைத்த கண்ணாடி பாட்டிலையெல்லாம் கவிழ்த்தேன். நீங்கள் வாங்கிவந்த ஹார்லிக்ஸ் என் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, பாட்டில் உதவியது. வேர் விட்டதா என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டேன். நாலு போய்விட்டது. "இப்படித் தெனமும் எழுப்பினா அது எப்போ ஆயா தூங்கும்" என்று நூர் பாஷா கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாமல் குள்ளம்மாளைத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். அவள் ஆடு கூடவே வந்து பெரிய மரத்தின் ஒரு பக்கத்தை மேய்ந்துவிட்டது. குள்ளம்மாளோடு எட்டு நாள் பேசவில்லை. நூர் பாஷா வந்து பார்த்து, பரவாயில்லை ஆயா, நானா இருந்தாலும் அங்கதான் வெட்டியிருப்பேன் என்றார். இப்போது ஆட்டோடும் பேசுகிறேன்.

கொட்டாங்குச்சியில் மிச்சமிருந்த அஞ்சில் ரெண்டு பிழைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆறேழு இலை. தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, நல்லதாக ஒன்றை அதில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். செடி கைக்கு வந்ததும் நமக்குள் பேச ஒன்றும் பாக்கி இல்லை. உங்கள் பேத்திக்கு என் ஆசீர்வாதம், சுத்திப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கும் நீண்ட ஆயுசு இருக்கட்டும், நான் எதையும் மறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
கோவிந்தம்மாள்

பி.கு: ஆளை அனுப்ப வேண்டாம். வந்தாலும் கொடுக்க மாட்டேன். கவரை ஒட்டும் முன்னால் போய்ப் பார்த்தேன், தட்டில் இருக்கும் கன்று பக்கத்தில் ஒரு கிளை விட்டிருக்கிறது. அதை விடுவதா, கிள்ளுவதா, எந்தப் பக்கம் வளைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு இந்தப் பக்கம் வந்த நூர் பாஷாவையும் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமையானால் அதன் முன்னால் உட்காருவான், நீங்கள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுப்பீர்கள் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். அவன் கை எப்படிப் போனது என்று பார்த்தது உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான். அவன் கத்தரியை எடுத்துக்கொண்டு நீங்களே வாங்க அண்ணி. செடி நிதானமாகத்தான் வளர்கிறது, ஒரு நாள் ரெண்டு நாளில் ஆகிற வேலை இல்லை. நாலு புடவையாவது எடுத்துவாங்க.