கிராம் பாயும் சத்தமே போடாத எஞ்சினும்

தருமபுரியில் கிராம் பாய் எடைபோடாத பொருள் ஏதோ ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் கண்ணில் அது இன்னும் படவில்லை, அவ்வளவுதான்.

நகைக்கடையில் இருப்பதுபோல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு. அதை அவர் வைத்திருந்தது சேலம் ரோட்டில், கிரீஸ் நாறும் ஒரு கார் ஷெட்டில். பழைய எஞ்சின்களைப் பிரித்து, பிஸ்டன்களையும் அவற்றைத் தாங்கும் ராடுகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து மாட்டுவது அவர் தொழில். எடை சமமானால் எஞ்சின் உதறாது, மிதித்தால் பறக்கும். வேலை முடிந்ததும், ஓடுகிற எஞ்சின் மேல் தளும்பத் தளும்ப ஒரு டீ கிளாஸை வைப்பார். சொட்டு சிந்தினாலும் போச்சு, எல்லாவற்றையும் மறுபடி பிரித்துவிடுவார். அந்த டீயையும் குடிக்கமாட்டார்.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கார் வாங்கிய முதல் ஆளும் நான்தான். பல கை மாறி வந்த கார் அது. ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி தலையாட்டும், டேஷ்போர்டு தானாகத் திறந்துகொள்ளும். தொப்பூருக்குக் கீழே ஓர் ஊரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். "சொந்தக் கார்லதான் போய் எறங்கணும்" என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். நடுக்கத்தை மட்டும் குறைத்துத் தரும்படி பாயிடம் காரை விட்டேன்.

சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். கார் இருந்தது, எஞ்சினைக் காணோம். நாலு பிஸ்டன்களும் வெள்ளைத் துண்டின் மேல் பிறந்த குழந்தைகளைப்போல் வரிசையாகப் படுத்திருந்தன.

"பாய், நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோங்க!"

"போலாம் தம்பி. இந்தக் கடைசிப் பயதான் மூணு கிராம் அதிகம். கொழுப்பு!" என்று அதன் உள்பக்கத்தை அரத்தால் தேய்த்து, ஊதி, தராசில் வைத்தார்.

"லேசா இருக்கறதுல கொஞ்சம் ஏத்திட்டா ஆவாதுங்களா?"

தன் சோற்றுத் தட்டில் மண்ணள்ளிப் போட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "லேசானத ஒண்ணும் பண்ணக்கூடாது தம்பி. கனமா இருக்கறவந்தான் எறங்கி வரணும்."

ஞாயிறு மதியம் கார் தயார். டீ சிந்தவில்லை. கிளம்பலாம் என்று பார்த்தால், பாய் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்!

"மொதத் தடவ எஞ்சினத் தனியா அனுப்ப மாட்டேங்க."

பெரியப்பா பின்சீட்டில் ஏறினார். கார் இடப்பக்கம் சாய்ந்தது. எங்கள் தரப்பில் பேச வேண்டியவரே அவர்தான். சபையில் அவர் இருந்தால் நாங்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம். பாய் பதறி இறங்கி வலப்பக்கம் அம்மாவை உட்காரவைத்தார். பழத்தட்டை வைத்தார். தேங்காய்ப் பையை வைத்தார். அப்பாவையும் அந்தப் பக்கமே திணித்தார். பின்னால் போய் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"இவருக்கு ஜோடி இல்லீங்க. பஸ்ல வரச் சொல்லுங்க."

பெரியப்பாவைப் பார்த்து அப்படிப் பேசிய மனிதரை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. "யார்ரா இந்தாளு?" என்று பெரியப்பா கத்தினார். ஆனால் சாவி பாயின் சட்டைப்பையில் இருந்தது, ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, கோச்சுக்காத. பின்னாலயே பஸ்ஸு இருக்குது" என்று அப்பா கெஞ்சி இறக்கிவிட்டார்.

தொப்பூர்க் கணவாயில் லாரிகள் முக்கி முனகி இறங்க, நாங்கள் வழுக்கிக்கொண்டு போனோம். "எஞ்சினு ஓடுதாடா, இல்ல சும்மாதான் உருளுதா?" என்று அம்மா சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

பெண் வீட்டு ஜன்னலை ஒட்டி நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வரவேற்க ஒருவரும் வரவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"நர்ஸ் வேலைய வுடச் சொன்னா நா கட்டிக்க மாட்டேன்ப்பா!"

"மெதுவாப் பேசும்மா. அவங்க வந்துரப் போறாங்க."

"காரு சத்தம் கேக்கட்டும். நிறுத்திக்கறேன்."

நான் அதிர்ந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். "பெரியப்பாதாண்டா, வேலைய வுட்டுரணும்னு தரகர்கிட்ட சொல்லியனுப்புனாரு" என்று முணுமுணுத்தார். பாயோ பூரித்துப்போய் என் தொடையில் அறைந்தார். "கேட்டீங்களா தம்பி? அவங்களுக்கு ஒண்ணுமே கேக்கல!"

பேச வேண்டியவர் எங்கோ பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். பெண் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். நானே ஜன்னலைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

"வேலைய வுட வேணாங்க!"

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. திரை விலகி, பேயறைந்த முகத்தோடு அவள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கல!"

"கேக்காதும்மா. நாலும் ஒரே எடை" என்றார் பாய்.

பெரியப்பா வியர்த்து வழிந்து வந்து சேர்ந்தபோது, பூ வைத்து முடித்து நாங்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச வந்ததை அவர் கேசரியோடு சேர்த்து விழுங்கினார்.

கல்யாணத்தன்று மாலை மாற்றப்போகும் நேரம், கிராம் பாய் விறுவிறுவென்று மேடையேறினார். ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டார். பாய் எங்கள் மாலைகளை வாங்கி, கைக்கொன்றாகத் தூக்கிக் கண்ணை மூடினார். என் மாலைதான் கனம். மண்டபமே வாய்பிளந்து பார்க்க, அதிலிருந்து ரோஜாக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் மாலையில் ஓர் இதழையும் தொடவில்லை. மறுபடி தூக்கிப் பார்த்தார்.

"ம். இப்ப மாத்திக்கோங்க. ஆடாம ஓடும்."

ஆடாமல்தான் ஓடுகிறது, பாய். டீயைத் தளும்ப ஊற்றி வைக்கிறோம், ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.