ஜாஸுக்கு இரண்டு இசட்

சோலோதுர்ன்,
செவ்வாய்க்கிழமை

பேரன்புமிக்க லக்ஷ்மணன் அத்தானுக்கு,

இராஜேந்திரன் பணிவோடு எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் தங்கை பிரபாலினியின் முழங்கால் மட்டும் நலமில்லை. தொலைபேசியில் கதைத்தால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு காலியாகிறது. மூன்று மாடி ஏற அவள் படும் பாட்டைப் பார்த்து, எப்படியும் அதை எடுத்துவிட வேண்டுமென்று நான் துடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மா எல்லோரையும் அழைத்துக் கடிதப்பெட்டிகளில் துண்டு போட்டார். ஜாஸ் மாலையாம். நல்ல பெயர் எடுக்க இதைவிட வாய்ப்பு உண்டோ! பழைய சாமான் கடைக்கு ஓடி ஜாஸ் இசைத்தட்டு கேட்டேன். அறுபதுகளில் அமெரிக்க சாக்சபோன்காரரும் பிரேசில் கிட்டார்காரரும் சேர்ந்து செய்தது, பொசா நோவாவை உலகமெல்லாம் கொண்டுபோனது என்று கடைக்காரர் ஒன்றைத் தந்தார். தட்டைச் சுழலவிட வீட்டில் கருவி இல்லை; இரண்டு கிழமையாகக் கைத்தொலைபேசியில் அதே பாட்டுகளைக் கேட்டு, சாக்சபோன் எங்கே நுழையும் என்பது வரை பாடமாக்கினேன். “ஏனப்பா, இந்தப் பிள்ளை சத்தமாப் பாடினா ஆரும் அடிப்பினமோ?” என்றாள் பிரபாலினி, அதில் முணுமுணுப்பாகப் பாடும் பெண்ணின் குரலைக் கேட்டு.

போனால், மேசையில் சீட்டுக்கட்டு! இங்கே ‘யாஸ்’ என்று ஒரு சீட்டாட்டம் இருக்கிறது, அத்தான். எழுத்தில் ஜாஸுக்கு இரண்டு இசட், இதற்கு இரண்டு எஸ். முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்து என்ன பயன்? “உங்களுக்கு யாஸ் வருமோ?” என்று அம்மா கேட்க, “ரெண்டு கிழமையாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்” என்று தட்டை நீட்டினேன். சனம் சிரித்த சிரிப்பு! அம்மா தட்டைச் சுழலவிட்டு, என்னையும் பிடித்து இருத்தினார். பார்த்தால் ஊரில் நாம் ஆடிய முந்நூற்றிநாலு ஆட்டத்தின் தம்பிதான்: துரும்புச் சீட்டில் ஜாக் பெரிது, அடுத்தது ஒன்பது. இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று உங்கள் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த இந்தக் கை, தன்பாட்டில் இறங்கிவிட்டது. வீட்டுக்கார அம்மாவை அவருடைய மேசையிலேயே மூன்று தரம் தோற்கடித்தேன். அவர் சீட்டை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீடு போச்சு. வெட்கமாகவும் கவலையாகவும் இருக்கிறது. பிரபாலினிக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், சத்தியம் போன கதையையும் சேர்த்து.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. திரிம்பாக் கோயிலுக்குப் போனால் அந்த முழங்காலுக்கு ஒரு அருச்சனை செய்யுங்கள்.

உங்கள்
இராஜேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டும்போது வீட்டுக்கார அம்மா வந்து கீழ்வீட்டுக் கதவுத் திறப்பைக் கையில் தந்தார். “நாப்பது வருசமா எல்லாரும் எனக்கு விட்டுக்குடுத்துத்தான் விளையாடினவை. நீங்கள் ஒராள்தான் ஒழுங்கா விளையாடினீங்கள்” என்றார். வெள்ளிதோறும் நான் அவர் பக்கம் ஆட வேண்டுமாம். ஆகவே மேலே உள்ள ஒன்றையும் பிரபாலினிக்குச் சொல்லிவிடாதீர்கள். ஜாஸுக்குப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். தட்டும் சுழலும் என்பதால் பாதிதான் பொய்.