தப்ஸீர் பாயின் மூன்றாவது கருத்து

நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்களிலேயே 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களையும் தொடாமல் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் தப்ஸீர் பாய்தான். குர்ஆன் வசனங்களுக்கு அந்தக் காலத்து அறிஞர்கள் எழுதிய விளக்கவுரைக்குத் தப்ஸீர் என்று பெயர். மதரஸாவில் அதை ஆசை ஆசையாகப் படித்துவிட்டு, எங்கள் ஆபீஸில் லோடு கணக்கு எழுத வந்தவர் அவர்.

ஒரு வசனத்துக்கு யார் என்ன பொருள் சொன்னார், அவருக்கு அதை யார் சொன்னார் என்று உரையாசிரியர்கள் வரிசையாக அடுக்குவார்களாம். பாய் அதை லாரிக்கும் அடுக்கினார்.

"பாய், இந்தூர் வண்டி வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுன்னு டீக்கடைக்காரர் சொன்னாருங்க. அவருக்குச் சொன்னது கிளீனர். கிளீனருக்கு மறதி ஜாஸ்தி, அதனால இது பலவீனமான தகவலுங்க. இன்னொரு கருத்து என்னன்னா..."

அதற்குள் வண்டியே வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

நாற்பது தாண்டியும் பாய்க்குக் கல்யாணமாகவில்லை. ராசிபுரத்தில் தையல் கடை வைத்திருந்த, கணவரை இழந்த ஒரு பெண்ணைப் பேசினார்கள். பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து பாய் இஸ்திரி போடாத சட்டையைத் தொடவில்லை. முடிவு கேட்டு அந்தப் பெண்ணின் அண்ணன் ஆபீஸுக்கே வந்தார்.

"தங்கச்சிக்குச் சம்மதமுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"இதுல மூணு கருத்து இருக்குங்க. ஒண்ணு, என்ற வயசுக்கு இனி எதுக்கு நிக்காஹ்ங்கறது. ரெண்டாவது, என்ற சம்பளத்துல குடும்பம் ஓடாதுங்கறது..."

அண்ணன் எழுந்துவிட்டார். "வேண்டாம்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்க!" என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

பலவீனமான கருத்துகளை முதலில் சொல்லி, பலமானதைக் கடைசியில் நிறுத்துவது பாய் மதரஸாவில் தன் உஸ்தாதிடம் படித்த முறை. பெண் கொடுக்க வந்தவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

மறுநாள் நானே அந்த அண்ணனுக்குப் போன் போட்டு பாய் கையில் திணித்தேன். "ஒத்த வார்த்தை சொல்லுங்க பாய், போதும்!"

பாய் தொண்டையைச் செருமினார். "அஸ்ஸலாமு அலைக்கும். நேத்து முதல் கருத்துல என்ன சொன்னேன்னா..."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்கு ஈரோட்டில் நிக்காஹ் முடிந்தது.

அதன் பிறகும் பாய் லோடு எழுதினார். வண்டி வந்ததா என்றால், "வந்துருச்சுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். முதலாளிக்கே அது பொறுக்கவில்லை.

போன வாரம் டீ குடிக்கும்போது மனசு கேட்காமல் கேட்டேவிட்டேன். "ஏனுங்க பாய், அந்த மூணாவது கருத்து என்னங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எனக்கு அவங்கள ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க."

அட என் மனுஷா, இதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!