கையேட்டில் இல்லாத லுங்கி

படித்தவன் கையில் ஓர் இயந்திரத்தைக் கொடுத்தால், அதோடு வந்த புத்தகத்தைத்தான் முதலில் படிப்பான். நான் மூன்று முறை படித்தேன். வினையே அதுதான்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு பெட்ரோலில் ஓடும் பொம்மை விமான இன்ஜின் மேல் ஆசை வந்தது. (இந்த வயதில் வேறு எதன் மேலாவது வந்திருந்தால் இன்னும் மோசம் என்று மனைவி சரளாவிடம் வாதாடினேன். எடுபடவில்லை.) அவள் ஒரே நிபந்தனை போட்டாள்.

"ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்க. பத்து விரலும் முழுசா இருந்தா வீட்ல இருக்கட்டும். ஒரு கீறல் விழுந்தாலும் காயலான் கடைக்குப் போயிடும்."

போகப்போவது இன்ஜினா நானா என்று அவள் சொல்லவில்லை.

சாட்சிக்கு அவள் தம்பி முனிரத்தினம் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்தான். லுங்கி நெய்து விற்கிறவன். அக்கா புருஷனான என்னை 'பாவா' என்பான். மொட்டை மாடியை இரண்டு முறை பெருக்கியிருந்தேன். பெட்ரோல் கேன் தொலைவில். இன்ஜின் மேசையோடு கிளாம்ப் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. புரொப்பெல்லரைத் தட்டிவிட, விரலுக்குப் பதிலாக ரப்பர் சுற்றிய கட்டை.

"எல்லாம் சரி பாவா. லுங்கியோடவா ஸ்டார்ட் பண்ணப் போறீங்க? பேண்ட்டு மாட்டிகினு வாங்க."

புத்தகத்தை விரித்தேன். "தொளதொள உடுப்பு கூடாதுன்னு பட்டியலே போட்டிருக்கான். டை, மஃப்ளர், தொங்கற சட்டைக் கை. லுங்கி எங்கடா இருக்குது?"

"எழுதனவன் லுங்கியப் பாத்திருக்கவே மாட்டான் பாவா."

"இது நிபுணருங்க எழுதனதுடா." (கழுத்தில் டை இல்லை என்பதை ஒருமுறை தடவி உறுதி செய்துகொண்டேன்.)

மூன்றாவது தட்டலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. விதிப்படி சுற்றிப் பின்னால் வந்து நின்றேன். மச்சான் முகத்தில் முதல்முறையாக என்மேல் மரியாதை தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வேகத்தைக் கூட்டினேன்.

புரொப்பெல்லர் காற்றைப் பின்பக்கம் தள்ளும். இதுவும் புத்தகத்தில் இருந்தது, நானே அடிக்கோடிட்ட வரி. லுங்கி குடைபோல் விரிந்து எழுந்தது. முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கைகளாலும் அள்ளிப் பிடித்தேன். நிறுத்தும் சுவிட்ச் ஒரு முழம் தள்ளி இருந்தது. அதற்குள் மேசை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது.

"கிளாம்பு கழண்டுகினு வருது பாவா! ஆஃப் பண்ணுங்க!"

"கை இல்லடா!"

படியேறி வந்த சரளாவின் காதில் விழுந்தது இது மட்டும்தான். "ஐயோ, கை போச்சா!" என்று அலறினாள்.

மானமா, மேசையா? லுங்கியை விட்டேன். சுவிட்சை அமுக்கினேன். இன்ஜின் நின்றது. லுங்கி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் குந்தியது. அன்று கிருத்திகை. எதிரே முருகன் கோயில் மலைப்படியில் காவடியோடு ஏறிக்கொண்டிருந்த கூட்டம் சரியாக அந்த நொடியில் "அரோகரா!" என்று முழங்கியது. (முருகனைத்தான் அழைத்தார்கள். இன்றுவரை அப்படித்தான் நம்பிவருகிறேன்.)

கோடுபோட்ட டிராயரோடு நின்றபடி, பத்து விரல்களையும் சரளாவிடம் விரித்துக் காட்டினேன்.

எண்ணிப் பார்த்தாள். "ஆங், இருக்குது. அப்படியே மூஞ்சிய மூடிக்கினு கீழ வாங்க."

நிபந்தனைப்படி இன்ஜின் வீட்டிலேயே இருக்கிறது. போனது லுங்கிதான். முனிரத்தினம் அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் கடையில் தொங்கவிட்டிருக்கிறான். "ஏரோப்ளேன் காத்துல பறந்த லுங்கிங்க. ஒரு நூல் பிரிஞ்சிருக்குதா பாருங்க" என்று வருகிற வியாபாரிகளிடமெல்லாம் காட்டுகிறான்.

கட்டியிருந்தவர் என்ன ஆனார் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறான்.

"எங்க பாவாதாங்க. நல்லாகீறாரு. தீபாவளிக்கு அவுருக்கு மட்டும் நாங்க பேண்ட்டுத் துணி எடுத்துடறோம்."