லாமாவைத் தேடிய நகராட்சி

போதகர் யெப்சன் கடிதத்தை மேசைமேல் விரித்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிங்க, லோரன்சன்."

ஹாரோ லோரன்சன் படித்தார். ஹாசன்சீல் நகராட்சியின் நாய் வரிக் கடிதம். 'மதிப்பிற்குரிய திரு. புருனோ அவர்களுக்கு, தங்கள் பராமரிப்பில் உள்ள யெப்சன் என்னும் நாய்க்கு (ஆண், பழுப்பு நிறம், குட்டைக்கால், கருத்தடை செய்யப்பட்டது) இந்த ஆண்டுக்கான வரியைச் செலுத்துமாறு...'

"புருனோங்கறது..."

"என் நாய். கடிதம் வந்ததுலேருந்து என்னை மதிக்கவே மாட்டேங்கறான்."

"சின்னத் தப்புதான் ஐயா. ரெண்டு கட்டம் இடம் மாறிப்போச்சு."

"பழுப்பு, குட்டைக்கால்னு போட்டதைக்கூட மன்னிச்சுடுவேன். கடைசி விவரத்தை என் மனைவி சர்ச் பாடகர் குழு முன்னாடி சத்தமாப் படிச்சுட்டா."

ஹாசன்சீலில் எண்ணூற்று நாற்பது நாய்கள் இருந்தன. எண்ணூற்று நாற்பது கடிதங்களும் முந்தின நாளே தபாலில் போய்விட்டிருந்தன.

ஹாரோ நகராட்சியின் கணினிப் பிரிவுத் தலைவர். பிரிவு என்றால் அவர்தான். கூட்டம் போட்டால் வருகைப் பதிவில் ஒரே கையெழுத்து. இரண்டு வருடங்களுக்கு முன் ஊரைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றியவர் அவரே. வாடகை கட்டி வாங்கிய நிரல்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, உலகமே சேர்ந்து எழுதி உலகமே பயன்படுத்தும் நிரல்களுக்கு மாறுவோம் என்று மன்றத்தில் நாற்பது நிமிடம் பேசினார். மூன்று உறுப்பினர்கள் தூங்கிவிட்டார்கள். மற்றவர்கள் கை தூக்கியது ஆதரவினாலா, அவர் பேச்சை நிறுத்தட்டும் என்பதனாலா என்று அவருக்கே இன்றுவரை சந்தேகம்.

போதகரை அனுப்பிவிட்டு அவர் குற்றவாளியைத் தேடினார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. 'பாலம்' என்ற ஒரு சின்ன நிரல் மட்டும் சறுக்கியிருந்தது. பழைய பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்துப் புதிய கடிதங்களில் போடுவது அதன் வேலை. நகராட்சியிலிருந்து போகும் எல்லாக் கடிதமும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை எழுதிப் பராமரிப்பது ஒரே ஒரு ஆள். பெயர் 'லாமா'. புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட கழுத்தும் கம்பளி உடலுமாக ஒரு லாமா விலங்கு எதையோ மென்றுகொண்டிருந்தது.

ஹாரோ தனக்குத் தெரிந்த ஒரே நடையில் எழுதினார்: 'பதினான்கு நாட்களுக்குள் இக்குறையைக் களையத் தவறினால், நகராட்சி தக்க நடவடிக்கை எடுக்க நேரிடும்.' அனுப்பிய பிறகுதான் என்ன நடவடிக்கை என்று யோசித்தார். ஓசியில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதா?

பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. 'திங்கட்கிழமை பார்க்கிறேன். அதுவரை தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். லாமா.'

ஹாரோ தொட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மேயர் இங்கா தீசன் அவர் அறைக்கே வந்துவிட்டார். கையில் இன்னொரு கடிதம்.

"ஹாரோ, என் அக்கா பொண்ணு லீனாவுக்கு நர்சரியில இடம் கிடைச்சிருக்கு."

"ரொம்ப சந்தோஷம், மேடம்."

"எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பொது இடத்துல அவளுக்குக் கழுத்துப்பட்டையும் வாய்ப்பூட்டும் கட்டாயம்னு போட்டிருக்கே?"

ஹாரோ கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேற கேட்டிருக்கீங்க. எங்க அக்கா டாக்டர்கிட்ட கூட்டிட்டே போயிட்டா."

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு எல்லாம் சரியாயிற்று. நாய்கள் நாய்களாகவும் பிள்ளைகள் பிள்ளைகளாகவும் தத்தம் இடத்துக்குத் திரும்பினார்கள். கூடவே ஒரு வரி வந்தது: 'தொடாதீர்கள் என்று சொன்னேன்.'

ஹாரோவுக்கு முகம் சிவந்தது. நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, தாங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரித்தார்.

'அதெல்லாம் வேண்டாமே,' என்றது பதில்.

வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற மனிதர் அல்ல ஹாரோ. லாமா என்றால் தென் அமெரிக்கா. தென் அமெரிக்காவில் லாமா என்றால் பெரு. பதில்கள் வரும் நேரங்களை ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டார். இங்கே காலை எட்டு மணி என்றால் அங்கே நடு ராத்திரி தாண்டியிருக்கும். பகலெல்லாம் எங்கோ உழைத்துவிட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, மலையுச்சியில் ஒரு மனிதன் ஹாசன்சீல் நாய்களுக்காகக் கண்விழிக்கிறான்! ஹாரோ பாதி தின்ற மீன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

நேரே மேயரிடம் போனார்.

"மேடம், நாம அந்த ஆளுக்கு ஏதாவது குடுக்கணும். ஊர் மொத்தமும் அவர் முதுகுல சவாரி பண்ணிட்டிருக்கு."

"பேப்பர்ல போடுவாங்களா?"

"போடுவாங்க. திறமூல நிரலுக்குக் காசு குடுத்து வளக்கற சின்ன ஊருன்னு போடுவாங்க."

"அப்ப குடுத்துடலாம்," என்ற மேயர், அவர் கதவைத் தாண்டுவதற்குள் பத்திரிகைக்குத் தொலைபேசியை எடுத்துவிட்டார்.

மிச்சமிருந்தது நிதிப் பிரிவு. டோர்ட்டா கார்ஸ்டன்ஸ் அங்கே இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி ஒரு பென்சில்கூட வெளியே போனதில்லை.

"மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி வாங்கிட்டு வாங்க."

"டோர்ட்டா, உலகத்துலயே இதைச் செய்யற ஆள் ஒருத்தர்தான்."

"அப்படியா? அப்ப இன்னும் ரெண்டு பேரைத் தேடுங்க."

ஹாரோ 'பாலம் பராமரிப்பு: விலைப்புள்ளி கோரல்' என்று விளம்பரம் கொடுத்தார். மூன்று வந்தன. ஒன்று பக்கத்து மாவட்டக் கட்டட ஒப்பந்தக்காரரிடமிருந்து; இரும்புக் கைப்பிடியோடு பன்னிரண்டு மீட்டர் மரப்பாலம். இன்னொருவர் பல் மருத்துவர்; விழுந்த பல்லின் இடத்தில் கட்டும் பாலம். மூன்றாவது லாமாவிடமிருந்து: 'பணம் வேண்டாம். எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அது போதும்.'

"பூஜ்யத்தை விலையா ஏத்துக்க முடியாது," என்றாள் டோர்ட்டா. "விதியைப் பாத்தா அந்த மரப்பாலத்தைத்தான் வாங்கணும்."

"ஐயோ, மேயர் பேப்பர்ல சொல்லிட்டாங்க! மரப்பாலத்தை நான் எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

"கத்தாதீங்க. பரிசுத்தொகைன்னு போட்டா விலைப்புள்ளி தேவையில்ல. ஆனா அதுக்குப் புதுசா ஒதுக்கீடு கிடையாது. உங்க பிரிவுலேருந்தே எதையாவது வெட்டணும்."

"என் பிரிவுல நான் மட்டும்தானே இருக்கேன்?"

டோர்ட்டா பட்டியலைப் புரட்டினாள். "இல்லையே. ஆவணக் காப்பகப் பணியிடம் ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா உங்களுக்குக் கீழேதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றார் ஹாரோ, தெரியாமல். யாரும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட ஒரு படிவத்தை நிரப்புவது எளிதாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'பயன் எதுவும் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த படிவத்துக்கு நகர்ந்தார். அன்று அவர் கையெழுத்திட்டவை பத்தொன்பது.

பரிசளிப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. பத்திரிகையில் ஹாரோவின் படம் வந்தது, கண் பாதி மூடிய நிலையில். எல்லாம் கூடி வந்த நேரத்தில் லாமா எல்லாரும் பார்க்கும்படி ஓர் அறிவிப்பு வெளியிட்டது.

'என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இனி இதற்கு எனக்கு நேரமோ மனமோ இல்லை. மாதக் கடைசியோடு பாலத்தை நிறுத்துகிறேன். இதுவரை பயன்படுத்தியவர்களுக்கு நன்றி.'

ஹாரோ அதை மூன்று முறை படித்தார். பிறகு மேயரின் அறைக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் அந்த நடைக்கூடத்தில் ஓடியதை முதன்முறையாகப் பார்த்த பலர், தீ விபத்து என்று நினைத்துத் தங்கள் கோட்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

"போச்சு மேடம்! அவரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களாம்!"

"யாரு?"

"பெருவுல எவனோ ஒரு மேலதிகாரி! இப்படி ஒரு ஆளை வச்சுக்கிட்டு அருமை தெரியாம இருந்திருக்கான் பாருங்க!"

"எழுதுங்க அவனுக்கு," என்றார் மேயர் கோபமாக. "நானும் கையெழுத்துப் போடறேன். நல்லா உறைக்கற மாதிரி எழுதுங்க."

ஹாரோ வாழ்க்கையில் முதல்முறையாகப் படிவம் இல்லாமல் மனதிலிருந்து எழுதினார். 'அன்புள்ள லாமா, உங்கள் மேலதிகாரி ஒரு கழுதை. தன் கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதருக்கு நாற்காலி எதற்கு? அவர் முகவரியைத் தாருங்கள். வெட்கித் தலைகுனியும்படி நகராட்சி முத்திரையோடு எழுதுகிறோம்.' கீழே அவர் கையெழுத்து, மேயர் கையெழுத்து. 'கழுதை' என்ற சொல்லுக்கு அடியில் மேயர் தன் கையாலேயே ஒரு கோடும் போட்டார்.

இந்த முறை பதில் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று.

'முகவரியை நேரில் கொண்டுவந்து தருகிறேன். வெள்ளிக்கிழமை, உங்கள் விழாவில், பதினொரு மணிக்கு.'

"ரெண்டே நாள்ல பெருவுலேருந்தா!" என்று நெகிழ்ந்துபோனார் மேயர். "பாவம், டிக்கெட்டுக்கு என்ன பண்ணினாரோ!"

நகராட்சி அமர்க்களப்பட்டது. உருளைக்கிழங்கின் பிறப்பிடமே பெருதானே என்று யாரோ சொல்ல, உணவகத்தில் நான்கு விதமாக உருளைக்கிழங்கு சமைத்தார்கள். பெரு நாட்டுக் கொடி ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. கிடங்கிலிருந்த ஆஸ்திரியக் கொடியை ஹாரோ பக்கவாட்டில் திருப்பிக் கட்டினார்; கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சரியாகவே இருந்தது. ஸ்பானிய மொழியில் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்தார். மூன்றாவது வாக்கியம் வரவேற்பா, ரயில் நிலையத்துக்கு வழி கேட்பதா என்பதில் அவருக்கு நிச்சயமில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. போதகர் யெப்சன் பாடகர் குழுவோடு வந்திருந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்றார். பரிசுக் காசோலை கதவு அளவுக்குப் பெரிதாக அச்சடிக்கப்பட்டிருந்தது. டோர்ட்டா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதில் அவள் கால்கள் மட்டுமே தெரிந்தன.

பதினொரு மணி அடித்தது. ஹாரோ வாசலைப் பார்த்தார். வாசலில் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

"மொய்ன்," என்று உள்ளூர் வழக்கில் வணக்கம் சொல்லும் குரல் ஒன்று பக்கத்தில் கேட்டது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட, ஐம்பது வயதுப் பெண். எங்கேயோ பார்த்த முகம், மின்தூக்கியிலாக இருக்கலாம்.

"மொய்ன். மன்னிக்கணும், இன்னைக்கு மனுவெல்லாம் வாங்கறதில்ல," என்றார் ஹாரோ, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெளிநாட்டு விருந்தாளி வர்றாரு."

"கொடியைப் பாத்தேன். எதுக்கு ஆஸ்திரியான்னு புரியல."

"அது பெரு!"

"அப்படியா? நான் அங்கெல்லாம் போனதில்ல. ஒரே ஒரு சீட்டு குடுத்துட்டுப் போயிடறேன், சார்."

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா, போட்டோல விழறீங்க. தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு நமக்காக உழைச்ச மனுஷன். வந்ததும் முதல்ல கைகுலுக்கணும். திங்கட்கிழமை வாங்க, உங்க விஷயத்தைப் பொறுமையாப் பாக்கறேன்."

"திங்கட்கிழமை நான் இருக்க மாட்டேன்."

மேயர் எட்டிப் பார்த்து, "ஹாரோ, என்னவாம்?" என்றார்.

"ஏதோ முகவரிச் சீட்டாம், மேடம்," என்றார் ஹாரோ சலிப்போடு, கையை நீட்டி. "குடுங்க, குடுங்க. யாரோட முகவரி?"

அந்தப் பெண் சீட்டை அவர் கையில் வைத்தாள்.

"அந்தக் கழுதையோடதுதான், சார்: இதே கட்டடம், ரெண்டாம் மாடி, அறை எண் பதினாலு, நீங்க உங்களுக்கே எழுதிக்கறீங்களா, இல்ல கீழே ஆவணக் காப்பகத்துலேருந்து நானே அனுப்பிடட்டுமா?"