சமோவாவுக்கு ஒரு மூட்டை தேங்காய்

"கடலையே பாக்காத புள்ள, கடலுக்கு அந்தாண்ட இருக்கிற ஊரைப் பத்தி என்னத்தடி சொல்லப் போற?"

என் அத்தை அங்கம்மா இப்படிக் கேட்டது தோட்டத்துக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி. நான் பூகோளப் புத்தகத்தைப் பிரித்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். (அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் நீட்டினேன்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு மலைத்தோட்டத்தில் எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, நான் பதுளையில் மிஷன் பள்ளியில் படித்து முடித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் என் நடையைப் பார்த்தே நாய்கள் ஒதுங்கும் என்று நினைத்துக்கொள்வேன். (நாய்கள் ஒதுங்கியது என் குடையைப் பார்த்து.)

அப்போதுதான் எங்கள் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுவிட்டுச் சமோவாத் தீவுக்குப் போவதாகச் செய்தி வந்தது. தென்கடலில், கப்பலில் பல வாரம் போக வேண்டிய இடம். அவர்களுக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ளவும் எழுத்துச் சொல்லிக்கொடுக்கவும் இங்கிலீஷ் தெரிந்த ஒரு பெண் வேண்டுமென்று துரையின் மனைவி துரைசானி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னை அழைத்துப் போகலாமென்று நினைக்கிறேன். சனிக்கிழமை உன் சாமான்களோடு வா. குழந்தை உன்னோடு ஒட்டுகிறதா என்று பார்த்து முடிவு சொல்கிறேன்" என்றார்.

'நினைக்கிறேன்' என்ற சொல்லை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்று மாலையே லயத்தில் வாயாலேயே கப்பலேறிவிட்டேன்.

அந்த ஒரு வாரம் நான் பேசிய பேச்சு இருக்கிறதே! தீவுக்குப் போகிறவர்கள் என்ன கொண்டுபோக வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். சமோவாவில் கம்பளி இல்லாமல் இருக்க முடியாது என்றேன். (எங்கள் மலையில் முடியாது. அதுவும் தீவு, இதுவும் தீவு.) அட்டைக்கடிக்குப் புகையிலையும் சவுக்காரமும் கட்டாயம் என்றேன். அத்தையின் கேள்வி வந்தது இந்த இடத்தில்தான். நான் நீட்டிய பக்கத்தில் உலகப்படம் இருந்தது. அதில் இலங்கை என் நகத்தளவு. சமோவாவோ, ஈ உட்கார்ந்துவிட்டுப் போன இடம் மாதிரி இரண்டு புள்ளி.

அந்தப் புள்ளிகள்தான் என்னைக் கெடுத்தன. நகத்தளவு இலங்கையிலேயே எங்கள் மலைக்குத் தேங்காய் கீழே இருந்து மாட்டு வண்டியில் வர வேண்டும். ஒரு மூடியைத் துருவினால் மறு மூடியை அம்மா நாளைக்கென்று ஒளித்துவைப்பாள். அப்படியென்றால் இந்தப் புள்ளியில் என்ன இருக்கும்?

"அங்க தேங்கா கெடைக்காதாம்மா?" என்றார் அப்பா.

"புள்ளியில ஏதுப்பா தென்ன மரம்?"

"ஐயையோ, அப்ப தொரசானி சம்பலுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று அம்மா பதறினாள். (அந்தத் தேங்காய்த் துவையலைத் துரைசானி தின்றதே இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.)

"படிச்ச புள்ள சொல்லுது, கேளுங்க" என்று அப்பா அத்தையை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் பதுளைக் கடைவீதிக்கு நடந்துபோய், ஒரு மூட்டை தேங்காயைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். அவர் முகம் முழுக்கப் பெருமை.

சனிக்கிழமை காலை. துரையின் பங்களா மலை உச்சியில். தேயிலைக்கு நடுவே செங்குத்தாகக் கல்படி. முன்னால் குடையும் புத்தகமுமாக நான். பின்னால் பெட்டியோடு அத்தை, மூட்டையோடு அப்பா. மேல்படியை எட்டியபோது துரைசானி குழந்தையோடு வாசலுக்கு வந்தார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் துரைசானியைக் கண்டால் கை தானாக எழுந்துவிடும். அப்பாவுக்கும் எழுந்தது. சலாம் போட இரண்டு கைகளும் எழுந்தன. மூட்டையைப் பிடித்திருந்ததும் அதே இரண்டு கைகள்தான்.

மூட்டை விழுந்து வாய் அவிழ்ந்தது. தேங்காய்கள் படிப்படியாகக் குதித்து இறங்கின. கீழே துரை குதிரையில் வந்துகொண்டிருந்தார். முதல் தேங்காயைக் குதிரை மன்னித்தது. அடுத்ததை மன்னிக்கவில்லை. முன்கால்களைத் தூக்கியது. துரை தண்ணீர் போகும் காணுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"சலாம் போட நேரம் பாத்தீங்களேப்பா!" என்று எல்லோர் முன்னிலும் அப்பாவின்மேல் சீறினேன். அவர் தூக்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

துரை சேறும் சகதியுமாக மேலே வந்தார். "யாரு தேங்கா இது?"

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். நான் புத்தகத்தை விரித்து, இங்கிலீஷில், புள்ளியிலிருந்து சம்பல் வரைக்கும் விளக்கினேன். துரை முதலில் என்னைப் பார்த்தார், பிறகு மூட்டையைப் பார்த்தார். அப்புறம் எல்லோருக்கும் விளங்கட்டுமென்று தோட்டத் தமிழிலேயே சொன்னார்:

"நமக்கு அங்கே என்னா வேலை தெரியுமா? தென்னந்தோட்டம்! கண்ணு போற மட்டும் தென்னைதான்!"

அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துரைசானி மட்டும் சிரிக்கவில்லை. "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்கத் தேவைப்படவில்லை, அம்மா. எனக்கே தெரியும்."

அவர் குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "கப்பலில் இவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் யாரையும் கேட்காமல் இருப்பாயா?"

நான் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். கொழும்பிலிருந்து வேறொரு பெண் அவர்களோடு கப்பலேறினாள். எங்கள் லயத்தில் ஒரு வாரம் எல்லா வீட்டிலும் தேங்காய்ச் சம்பல்.

அதற்குப் பிறகு அந்தத் தீவுகளில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு பாதிரியார் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை கேட்டேன். அங்கே போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்ற வேண்டுமாம். பாயில் சம்மணமிட்டு உட்கார வேண்டுமாம். ஆட்கள் பக்கம் காலை நீட்டக் கூடாதாம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நின்றுகொண்டு பேசக் கூடாதாம். கொடுத்ததை முகம் சுளிக்காமல் வாங்கித் தின்ன வேண்டுமாம். கம்பளி வேண்டாம், மெல்லிய துணியும் குடையும் போதுமாம். "இன்னொன்று, தென்னை மரத்தடியில் நிற்காதீர்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி, குடை, தென்னை தவிர மற்றதெல்லாம் எங்கள் லயத்தில் தவழும் பிள்ளைக்கும் பழக்கம். புத்தகத்தை மூடிவிட்டு, அங்கம்மா அத்தையின் அண்ணன் மகளாகப் போயிருந்தால் அந்தத் தீவில் என்னைவிட நல்ல விருந்தாளி இருந்திருக்க முடியாது. கடலைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று. அப்பா மட்டும் அன்றைக்கு நான் சீறியதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மற்றவர்கள் பேசாமல் விட்டார்களா? எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், ஹாலிஎலைக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "தேங்கா எடுத்துக்கிட்டியா?"

போன வாரமும் வந்தது. மட்டக்களப்பில் கடலோரமாக ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நான் வண்டியேறியபோது அத்தைதான் கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே ஒரே ஒரு தேங்காயை என் மடியில் வைத்தார். நான் மறுக்கவில்லை. வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

இங்கே வந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் தங்கப்போகும் வீட்டு அம்மாவிடம் முதல் வேலையாகக் கேட்டேன்: "எனக்கு இந்த ஊர் தெரியாது. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

அவர் என் தலைக்கு மேலே பார்த்தார். "முதல்ல அந்த இடத்தை விட்டு இங்கால வாங்க, பிள்ளை."

நிமிர்ந்து பார்த்தேன். குலை குலையாகத் தேங்காய். அப்பா கொடுத்ததை மார்போடு அணைத்துக்கொண்டு, நகர்ந்தேன்.